பழைய வானின் குளிரூட்டி: காஸ் தீர்வதில்லை, கசிகிறது

காணியும் கிணறும் கைவிட்டுப் போனபின், நகையை விற்றோ கடன்பட்டோ பழைய வான் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் எம்மிடையே பல. கலியாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வான் பிடிக்க வருபவர் முதலில் கேட்பது, "ஏசி வேலை செய்யுமோ?" என்பதுதான். இல்லையென்றால் அடுத்த வானைத் தேடிப் போய்விடுவார். ஆகவே இந்தப் பாடம் குளிரைப் பற்றியது மட்டுமல்ல. வருமானத்தைப் பற்றியதும் ஆகும்.

எப்படிக் குளிர்கிறது?

வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடம்பின் வெப்பத்தை எடுத்துச் செல்வதே காரணம். ஏசியிலும் இதுதான் நடக்கிறது. கொம்பிறஷர் காஸை அழுத்திச் சூடாக்கி அனுப்பும். முன்னாலுள்ள கொண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகும். ட்றையர் அதிலுள்ள ஈரத்தையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும். பின் ஒடுங்கிய வால்வு ஒன்றினூடாகப் பாய்ந்து, உள்ளேயுள்ள குளிர்ச் சுருளில் ஆவியாகி, வானுக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் கொம்பிறஷருக்கு வரும்.

நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் எரிந்து தீரும். இந்தக் காஸ் எரிவதில்லை. அதே காஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அது குறைந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. ஒழுக்கை அடைக்காமல் காஸ் அடிப்பது, உடைந்த வாய்க்காலில் தண்ணீர் கட்டுவது போன்றது.

நட்டம் காஸோடு நிற்பதில்லை. கொம்பிறஷருக்கு வேண்டிய எண்ணெய் காஸோடு சேர்ந்தே சுற்றுகிறது. காஸ் குறைந்தால் எண்ணெயும் சரிவரத் திரும்பாது, கொம்பிறஷர் இறுகிப்போகும். சிறிய றப்பர் வளையம் ஒன்றை மாற்றாததால் கொம்பிறஷரையே மாற்ற நேரிடலாம்.

செலவில்லாமல் நாமே பார்க்கக்கூடியவை

1. எஞ்சினை நிறுத்திவிட்டு பெல்ற்றைப் பாருங்கள். தளர்ந்தோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள்.
2. கொண்டென்சரின் மெல்லிய தகடுகளில் தூசி, பூச்சி, வைக்கோல் அடைந்திருந்தால், தகடு வளையாதபடி மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.
3. ஏசியைப் போட்டதும் கொம்பிறஷரின் முன்பக்கத்தில் 'டிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேளாவிட்டால் முதலில் பியூசைப் பாருங்கள்.
4. வானின் கீழே தண்ணீர் சொட்டுவது பழுதல்ல. உள்ளே தரை நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.
5. ஓடாமல் நிற்கும் வானிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியைப் போடுங்கள். தண்டைச் சுற்றியுள்ள சீல் காயாமல் இருக்கும்.

ஒழுக்கைக் கண்டுபிடித்தல்

ஒழுகும் இடத்தில் எண்ணெயும் கசிவதால், அங்கே தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை தெரியும். அந்தப் பொருத்தில் சவர்க்கார நுரையைப் பூசினால் குமிழி எழும்பும். மிகச் சிறிய ஒழுக்குக்கு மின் கருவி வேண்டும். டொல்பின் போன்ற வான்களில் பின்பக்கக் குளிரூட்டி இருந்தால், தரைக்குக் கீழே போகும் நீண்ட குழாய்களை மறவாமல் பாருங்கள். அவை கல் பட்டும் உராய்ந்தும் அரித்தும் ஓட்டையாகும்.

காஸும் எண்ணெயும்

1990களின் முற்பகுதிவரை செய்யப்பட்ட வாகனங்களில் ஆர்-12 என்ற காஸ் இருந்தது. அது ஓசோன் படலத்தை அழிப்பதால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்முக நாடுகளும் 2010இல் அதை நிறுத்தின. அதன் இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. இரண்டையும் கலக்கக் கூடாது. ஆர்-12 காஸுக்குரிய கனிய எண்ணெய் ஆர்-134ஏ காஸோடு கலந்து ஓடாது. எனவே மாற்றும்போது எண்ணெய், ட்றையர், றப்பர் வளையங்கள் ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். காஸின் அளவும் முன்னையதில் 80 முதல் 90 வீதம் போதும்.

காஸை நிறுத்தே அடிக்க வேண்டும். நிறுத்தி வைத்த வானில், 30 பாகை வெப்பத்தில், ஆர்-134ஏ திரவமாகச் சிறிதளவு மிஞ்சியிருந்தாலும் அளவுமானி சதுர அங்குலத்துக்கு 97 இறாத்தல் அளவில் காட்டும். அதைக் கொண்டு காஸ் நிறைய உண்டென்று சொல்ல முடியாது. அடிப்பதற்கு முன் வெற்றிடப் பம்பியை அரை மணி நேரமாவது ஓட்டி, காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். பம்பியை நிறுத்தியபின் முள் ஏறினால் ஒழுக்கு இன்னும் இருக்கிறது, அல்லது உள்ளே ஈரம் இருக்கிறது.

உயிருக்கு ஆபத்தானவை

ஒழுக்குப் பார்க்க ஒட்சிசன் அடிக்காதீர்கள். எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். உலர்ந்த நைதரசனையே பாவியுங்கள். மலிவென்று சமையல் காஸ் அடிக்க விடாதீர்கள். அது வானுக்குள் ஒழுகினால் ஒரு தீப்பொறி போதும். காஸ் உள்ள குழாயை ஒருபோதும் ஒட்டக் கூடாது. நெருப்புப் பட்டால் அந்தக் காஸ் நஞ்சாகும். திரவக் காஸ் கண்ணில் தெறித்தால் பார்வை பறிபோகலாம், கண்ணாடி அணியுங்கள். பழைய காஸை வெளியே திறந்து விடாமல் உருளையில் பிடிக்கச் சொல்லுங்கள். ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காவிட்டாலும், அதே நிறைக் காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். மழை தப்பினால் என்னவாகும் என்பது கமக்காரருக்குத் தெரியாததல்ல.

அடுத்த முறை கராஜுக்குப் போனால், "காஸ் அடியுங்கோ" என்று கேளாமல், "ஒழுக்கைப் பிடியுங்கோ" என்று கேளுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்; பார்த்துப் பழகினால் அதுவே அவர்களுக்கு ஒரு தொழிலாகலாம்.

கலந்துரையாட:

1. உங்கள் ஊர் வான் ஒன்றுக்குக் கடந்த வருடம் எத்தனை தரம் காஸ் அடித்தார்கள்? அந்தப் பணத்தில் ஒழுக்கைத் திருத்தியிருக்கலாமா?
2. வெற்றிடப் பம்பியும் அளவுமானியும் பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் யார் பொறுப்பாக வைத்திருப்பது?