காயல் கரையில் சிலந்திக் கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

காயல்பட்டினம் என்றதும் கடலும் முத்தும் நினைவுக்கு வரும். அக்கடலை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடல்வாழ் உயிர்களையும் பற்றி 1890-ஆம் ஆண்டிலேயே நூல் வெளியிட்டார். 1986-இல் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்டு கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. ஆனால் கரையில் நம்மோடு வாழும் சிலந்திகளுக்கு அத்தகைய கவனிப்பு வாய்க்கவில்லை. முத்து விலைபோகும், சிலந்தி விலைபோகாது!

சிலந்தி பூச்சியன்று

தௌர் குகை வாயிலில் சிலந்தி வலை பின்னிய வரலாற்றை எங்கள் ஊரில் அறியாத பிள்ளை இல்லை. எனினும் அதை 'எட்டுக்கால் பூச்சி' என்றே அழைக்கிறோம். பூச்சிக்குக் கால்கள் ஆறு, உடற்பகுதிகள் மூன்று. சிலந்திக்குக் கால்கள் எட்டு, உடற்பகுதிகள் இரண்டு. இறக்கையும் உணர்கொம்பும் அதற்கு இல்லை. ஈ, கொசு, பயிர்ப்பூச்சி முதலியவற்றைத் தின்று அது நமக்கு உதவுகிறது.

இராமேசுவரம் தரும் பாடம்

உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 2022-இல் 50,000-ஐ எட்டின. இந்தியச் சிலந்திகளைப் பற்றிப் போகாக் 1900-இலும், திகாதர் 1980-களிலும் பெருநூல்கள் எழுதினர். அவ்வளவுக்குப் பின்னும், இலட்சக்கணக்கான பக்தர்கள் வந்து போகும் இராமேசுவரத்தில், மரப்பொந்தில் வாழும் பெருஞ்சிலந்தி ஒன்று 2004-இல்தான் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரால் அது 'பொயிசிலோதீரியா ஹனுமவிலாசுமிக்கா' எனப்படுகிறது. 2008-இல் அது மிகவும் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. பின்னர் கடலுக்கு அப்பால் இலங்கையின் மன்னாரிலும் காணப்பட்டது. நம் தோப்புகளில் அது உண்டா, இல்லையா? தேடினாலொழிய யார் சொல்ல முடியும்?

எங்கே, எப்படித் தேடுவது?

விடுமுறையில் எங்கள் ஊரில் சுவர், தோட்டம், மரம், முட்புதர் ஆகியவற்றைத் தனித்தனியே கவனித்தேன். ஒவ்வோர் இடத்திற்கும் அதற்குரிய சிலந்தி உண்டு. சுவரில், வலை பின்னாமல் பதுங்கிப் பாயும் தாவும் சிலந்தி. தோட்டத்தில், வலை நடுவே பெருக்கற்குறி போல் கால் விரித்திருக்கும் ஆர்ஜியோப். மரப்பட்டையில், பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் இரட்டைவால் சிலந்தி. இது இரையைச் சுற்றிச் சுற்றி ஓடியே நூலால் கட்டிவிடும். முட்புதரில், கூட்டமாக வாழும் ஸ்டெகோடைபஸ்.

கருவிகளுக்குப் பெரும் செலவில்லை. குடையைத் தலைகீழாகப் பிடித்துக் கிளையைத் தட்டினால் சிலந்திகள் அதில் விழும். தரையில் ஓடுபவற்றிற்கு, வாய் மண்மட்டத்தில் இருக்குமாறு ஒரு குவளையைப் புதைத்தால் போதும். நாள், நேரம், இடம், செடி ஆகியவற்றை அப்போதே குறிக்கவேண்டும். வளர்ந்த சிலந்தியை வைத்தே பெரும்பாலும் இனத்தை உறுதி செய்யலாம். அதன் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். அதற்காகச் சில மாதிரிகளை 70 விழுக்காடு ஆல்கஹாலில் வைப்பர். அரிய பெருஞ்சிலந்தியைப் பிடிக்கலாகாது, படமெடுத்தால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அதே இடங்களில் தேடவேண்டும்.

மாணவ நண்பர்களே! பொந்துள்ள பழைய புளியும் தென்னையும் வீட்டுமனைக்காக வீழ்கின்றன. மரம் போனபின் அதில் என்ன வாழ்ந்தது என்று கேட்பதில் பயனில்லை. ஆளுக்கு ஒரு தோப்பை எடுத்துக்கொண்டால், நம் கரைக்கென ஒரு சிலந்திப் பட்டியலை நாமே தொடங்கலாம்.