டீசல் காருக்கு டியூனிங் பாக்ஸ்: பிக்கப் ஏறும், பர்ஸ் தாங்குமா?



போன மாசம் என் சித்தி பையன் கோயம்புத்தூர்ல இருந்து போன் பண்ணினான். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது, கைக்கு வர்ற சம்பளம் 42,000 ரூபாய். போன வருஷம்தான் செகண்ட் ஹேண்ட்ல 2016 மாடல் ஸ்விஃப்ட் டீசல் ஒண்ணு வாங்கினான்.

"அண்ணா, போனஸ் 40,000 வந்திருக்கு. 26,000 ரூபாய்ல ஒரு டியூனிங் பாக்ஸ் பாத்து வச்சிருக்கேன். 75 குதிரைத்திறன் 93 ஆகுமாம், மைலேஜும் ஏறுமாம். அப்போ இது ஒரு இன்வெஸ்ட்மென்ட் மாதிரிதானே? நீங்களும் ஒரு காலத்துல போட்டிருந்தீங்கல்ல?"

ஆமா, போட்டிருந்தேன். 14 மாசம் வச்சிருந்தேன். அதனாலதான் "வேணாம்டா"ன்னு ஒரே வார்த்தையில அவன்கிட்ட சொல்ல முடியல. அது ஏமாத்து வேலை கிடையாது, நிஜமாவே வேலை செய்யுது. என்னை உறுத்தினது அந்த "இன்வெஸ்ட்மென்ட்"ங்கற வார்த்தைதான். அன்னைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் அவனோட பேசினதைத்தான் இங்கே எழுதறேன்.

பெட்டி என்னதான் பண்ணுது?

இப்போ இருக்கற டீசல் கார் எல்லாமே காமன் ரெயில் சிஸ்டம்தான். ஒரு பம்ப் டீசலை பயங்கரமான அழுத்தத்துல ஒரு குழாய்க்குள்ள தேக்கி வைக்கும். உங்க டயர்ல இருக்கற காத்து சுமார் 2 பார் அழுத்தம். முழு ஆக்சிலரேட்டர்ல இந்தக் குழாய்க்குள்ள 1,000 பாரைத் தாண்டும். அங்கிருந்து இன்ஜெக்டர்கள் வழியா டீசல் சிலிண்டருக்குள்ள பீய்ச்சப்படுது. எவ்வளவு அழுத்தம், எத்தனை மில்லி விநாடி, எல்லாத்தையும் முடிவு பண்றது இசியுங்கற கம்ப்யூட்டர். அந்தக் குழாய்ல ஒரு பிரஷர் சென்சார் இருக்கும். அழுத்தம் ஏற ஏற அது அனுப்பற வோல்டேஜும் ஏறும்.

டியூனிங் பாக்ஸ் இந்த சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவுல உட்காருது. ஒயரை வெட்ட வேண்டாம், சென்சார்ல இருக்கற கனெக்டரைக் கழட்டி இதை நடுவுல சொருகினா போதும், பத்துப் பதினஞ்சு நிமிஷ வேலை. உட்கார்ந்து அது பண்றது ஒண்ணே ஒண்ணுதான்: பொய் சொல்லும். உதாரணத்துக்கு, நிஜ அழுத்தம் 1,300 பார்னு வச்சுக்கோங்க. பெட்டி இசியுகிட்ட "1,150தான் இருக்கு"ன்னு சொல்லும். இசியு பாவம், "குறையுதே"ன்னு அழுத்தத்தைக் கூட்டும். இன்ஜெக்டர் திறந்திருக்கற நேரம் அதேதான், ஆனா அழுத்தம் கூடினதால உள்ள போற டீசல் அதிகம். டீசல் அதிகம்னா சக்தி அதிகம். விலை கூடின பெட்டிகள் டர்போ காத்தழுத்த சென்சாரையும் சேர்த்து ஏமாத்தும்.

இன்னொரு வகை இருக்கு. ஆன்லைன்ல 500, 800 ரூபாய்க்கு, ஸ்டியரிங் கீழே இருக்கற ஓபிடி பாயின்ட்ல சொருகற குட்டி சமாச்சாரம், எல்ஈடி மினுக் மினுக்னு எரியும். அதைப் பிரிச்சுப் பார்த்தவங்க உள்ளே கண்டது பெரும்பாலும் எல்ஈடியை எரிய வைக்கற சர்க்யூட் மட்டும்தான். அதை விட்டுடுங்க, அந்தக் காசுக்கு ரெண்டு பிரியாணி சாப்பிடலாம்.

கார் கம்பெனி வச்சிருக்கற எமர்ஜென்சி ஃபண்ட்

"அவ்வளவு ஈஸியா சக்தி கூடும்னா, கம்பெனியே ஏன் கூட்டி விக்கல?" தம்பி கேட்ட நல்ல கேள்வி இது.

அவனோட ஸ்விஃப்ட்லேயே பதில் இருக்கு. அதுல இருக்கறது ஃபியட்டோட 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் இன்ஜின். எத்தனையோ கம்பெனி கார்கள்ல இருந்ததால இந்தியாவோட "நேஷனல் இன்ஜின்"னு செல்லப் பேரே உண்டு. ஸ்விஃப்ட்ல அது 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க். இதே இன்ஜினை எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ்ல 90 குதிரைத்திறனுக்கு வித்தாங்க. எப்படி? வெறும் சாஃப்ட்வேரை மட்டும் மாத்தல. டர்போவையே மாத்தி, வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ போட்டாங்க. அவ்வளவு செஞ்சும் டார்க்கை 190-ல இருந்து 200-க்குத்தான் ஏத்தினாங்க. வெறும் 10.

பெட்டி விக்கறவங்க ஒரு நட்டைக் கூட மாத்தாம 190-ஐ 230 ஆக்கறோம்னு சொல்றாங்க. அந்த 40 எங்கிருந்து வருது?

கம்பெனி ஒவ்வொரு பாகத்தையும் கொஞ்சம் கூடுதல் பலத்தோடதான் செய்யும். கலப்பட டீசல், மே மாச வெயில், அஞ்சு பேர் லக்கேஜோட மலையேற்றம், ஆயில் மாத்த மறக்கற ஓனர், இத்தனையும் தாங்கணும் இல்லையா? அதுக்காக கிளட்ச்லயும் டர்போலயும் பம்ப்லயும் இன்ஜெக்டர்லயும் ஒரு மிச்சம் வைப்பாங்க. நம்ம வீடியோக்கள்ல "ஆறு மாச செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட்"னு சொல்லிச் சொல்லி உங்களுக்கே சலிச்சிருக்கும். காருக்கான எமர்ஜென்சி ஃபண்ட் இந்த மிச்சம்தான், கார் விலையோட சேர்த்து நீங்க ஏற்கனவே காசு கொடுத்து வாங்கினது. பெட்டி புதுசா எந்த பலத்தையும் கொண்டு வர்றதில்லை. அந்த ஃபண்ட்ல இருந்து தினமும் கொஞ்சம் எடுத்து வாரக் கடைசி பார்ட்டிக்குச் செலவு பண்ணுது. பண்ற வரைக்கும் ஜாலி. உண்மையான எமர்ஜென்சி வர்றப்போ அக்கவுன்ட்ல ஒண்ணும் இருக்காது.

எனக்கு அந்த எமர்ஜென்சி கொல்லிமலையில வந்துச்சு.

என் கணக்கு

அப்போ என் வண்டி 71,000 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. நாமக்கல் பக்கம் இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அம்மா, அப்பா, மனைவி, டிக்கி நிறைய லக்கேஜ். பாதி ஏறின பிறகு ஒரு மாதிரி கருகின வாடை. அடுத்த வளைவுல ஆக்சிலரேட்டரை அமுக்கினா இன்ஜின் கத்துது, டாக்கோமீட்டர் முள் ஏறுது, வண்டி மட்டும் ஏறல. கிளட்ச் ஸ்லிப் ஆகிடுச்சு. வளைவுல நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வச்சு, மேல இருந்து இறங்கற பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே கடந்து போனது இன்னும் கண்ணுல இருக்கு. அம்மா அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் என் வண்டியில மலைக்கு வரல.

பெட்டி வாங்கினது 24,000. கழட்டி வித்தது 9,000. அதுல நஷ்டம் 15,000. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கூலி சேர்த்து 16,800. ஆனா மொத்தத்தையும் பெட்டி மேல போடறது நியாயம் இல்லை, கிளட்ச் என்னைக்கோ ஒருநாள் தேயத்தான் செய்யும். "சார், இன்னும் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டிய பிளேட்டு"ன்னு மெக்கானிக் அண்ணன் சொன்னார். அப்போ ஆயுள்ல முப்பது சதவீதம் போச்சுன்னு வச்சா 5,040. மலையில இருந்து வண்டியைத் தூக்கி வந்த டோயிங் 3,500. ஆக மொத்தம் 23,540 ரூபாய். 14 மாசத்துக்கு வகுத்தா மாசம் 1,680.

இதுல டர்போ, இன்ஜெக்டர் தேய்மானத்தை நான் சேர்க்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தச் செலவை என்கிட்ட வண்டி வாங்கினவர்தான் கட்டியிருப்பார்.

மாசம் 1,680 ரூபாய்க்கு அந்தச் சந்தோஷம் கிடைச்சுதான்னு கேட்டா, பொய் சொல்ல மாட்டேன், கிடைச்சுது. ஹைவேல ரெண்டாவது கியருக்கு இறக்காம லாரியைத் தாண்டறது தனி சுகம். சினிமா, ஓடிடி மாதிரி அது ஒரு பொழுதுபோக்குச் செலவு. அந்தத் தலைப்புல பட்ஜெட் போட்டிருந்தா தப்பே இல்லை. நான் "வண்டிக்கான முதலீடு"ன்னு எழுதி வச்சிருந்தேன், அதுதான் தப்பு.

சரி, மைலேஜ்?

தம்பி மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டறான், வருஷத்துக்கு 12,000. லிட்டருக்கு 18 கிடைக்குது. டீசல் 92 ரூபாய்னு வச்சா வருஷச் செலவு சுமார் 61,300. பெட்டிக்காரங்க சொல்ற மாதிரி மைலேஜ் 10 சதவீதம் கூடினாக்கூட 19.8 ஆகும், செலவு 55,800. மிச்சம் வருஷத்துக்கு 5,500 சொச்சம். 26,000 திரும்பி வர நாலரை வருஷத்துக்கு மேல. 5 சதவீதம்தான் கூடுதுன்னா வருஷத்துக்கு 2,900, கிட்டத்தட்ட ஒன்பது வருஷம். அவன் கார் 2016 மாடல்ங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அதுவும் எப்போ? கூடின சக்தியைத் தொடாம, சீக்கிரம் மேல் கியருக்குப் போய், பூ மாதிரி ஓட்டினாத்தான். பூ மாதிரி ஓட்டறவனுக்குப் பெட்டி எதுக்கு? என் வண்டியில முதல் ரெண்டு மாசம் டேஷ்போர்டு மீட்டர் மைலேஜைக் கூட்டித்தான் காட்டுச்சு. ஃபுல் டேங்க் அடிச்சு, அடுத்த ஃபுல் டேங்க் வரைக்கும் பில்லை வச்சுக் கணக்குப் போட்டா குறைஞ்சிருந்துச்சு. காரணம் சிம்பிள். எவ்வளவு டீசல் போகுதுன்னு மீட்டருக்குச் சொல்றது இசியுதான். அந்த இசியுகிட்டதான் பெட்டி பொய் சொல்லுதே!

இன்சூரன்ஸ்: 26,000-ஐ விடப் பெரிய தொகை

தம்பியோட பாலிசில ஐடிவி 3,80,000. இன்சூரன்ஸ் ஒப்பந்தம் நிக்கறதே நாம உண்மையைச் சொல்லுவோம்ங்கற நம்பிக்கை மேலதான். இன்ஜின் சக்தியைக் கூட்டற மாற்றம் செஞ்சா கம்பெனிகிட்ட சொல்லணும். சொல்லாம ஓட்டி, நாளைக்கு ஒரு பெரிய விபத்துல சர்வேயர் பானெட்டைத் திறந்து பெட்டியைப் பார்த்தா, உங்க வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம்ல கேள்வி வரும். குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். விபத்து நடந்த ரோட்டுல நின்னு யாரும் பெட்டியைக் கழட்டிக்கிட்டு இருக்க முடியாது.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தறதைத் தடுக்குது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் கேரளா வழக்கு ஒண்ணுல அதை உறுதி பண்ணுச்சு. அதே 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் கூட சேரலாம். கூடுதல் டீசல் சரியா எரியாம கரும்புகை தள்ளினா பொல்யூஷன் டெஸ்ட்ல ஃபெயில். அதுக்குத் தனியா 10,000 வரை அபராதம் இருக்கு.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசல் வச்சிருக்கறவங்களுக்கு இன்னும் ரிஸ்க். சைலன்சர் லைன்ல இருக்கற டிபிஎஃப் ஃபில்டர் கூடுதல் புகைக்கரியில சீக்கிரம் அடைச்சுக்கும். அந்த ஃபில்டர் என்ன விலைன்னு உங்க சர்வீஸ் சென்டர்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க, அதுக்கப்புறம் பெட்டி ஆசையே வராது. வாரன்டி இருக்கற வண்டின்னா பேச்சே வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க கவனிக்க

பெட்டியைக் கழட்டினா வண்டி பழையபடி ஆகிடும், ஆனா தேஞ்சது தேஞ்சதுதான். டீசல் கார் வாங்கப் போறப்போ பானெட்டைத் திறந்து ரெயில் பிரஷர் சென்சார் கனெக்டரைப் பாருங்க. சுத்தியும் தூசி படிஞ்சிருக்க, அந்த கிளிப் மட்டும் பளிச்னு இருந்தா, கீறியிருந்தா, பக்கத்துல கேபிள் டை கட்டின தடம் இருந்தா நேரடியாக் கேட்டுடுங்க. டெஸ்ட் டிரைவ்ல ஒரு மேட்டுல மூணாவது கியர்ல முழு ஆக்சிலரேட்டர் கொடுங்க. முள் துள்ளி வேகம் ஏறலைன்னா கிளட்ச் செலவை விலையில கழிச்சுப் பேசுங்க.

தம்பிகிட்ட கடைசியா ஒண்ணு கேட்டேன்: "வாங்கினப்பவே பிக்கப் இப்படித்தான் இருந்துச்சா, இல்லை குறைஞ்சிருக்கா?" யோசிச்சு, "ரெண்டு மூணு மாசமாத்தான் இழுக்கல அண்ணா"ன்னான். முதல்ல ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸ், டயர் காத்து, பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கான்னு பாருன்னு சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை சிங்காநல்லூர் பக்கம் ஒரு மெக்கானிக்கிட்ட விட்டிருக்கான். டர்போவுல இருந்து வர்ற ஹோஸ்ல ஒரு கிளாம்ப் லூசாகி காத்து லீக் ஆகியிருக்கு, ஏர் ஃபில்டர் கறுப்பா இருந்திருக்கு. மொத்த பில் 2,350 ரூபாய். போனஸ்ல 30,000-ஐ லிக்விட் ஃபண்ட்ல போட்டிருக்கேன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். பெட்டி இன்னும் ஷாப்பிங் கார்ட்லதான் இருக்காம், எடுக்க மனசு வரலையாம்.