காட்டில் தங்குவோர்க்கு ஐந்து சமிதிகள்



விடுமுறை நாள்களில் மலையிலும் காட்டிலும் கூடாரம் அமைத்துத் தங்கிவரும் ஆர்வம் நம் குடும்பத்து இளைஞரிடையே காணப்படுகின்றது. இயற்கையை நேரில் கண்டு மகிழ்தல் நன்றே. ஆயின் நாம் ஓர் இரவு தங்கும் அவ்விடம் எண்ணற்ற உயிர்களுக்கு நிலையான இல்லம். அவ்வில்லத்திற்கு ஊறு நேராவண்ணம் தங்கி மீள்வது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

நாம் ஆசிரியப் பயிற்சி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய காலத்தே, 1986ஆம் ஆண்டு, குடிமைப் பயிற்சி முகாமின் பொருட்டு மாணவியரைச் சவ்வாது மலைக்கு அழைத்துச் சென்றோம். இரவில் ஓடைக்கரைப் புல்வெளியில் உலர்ந்த கட்டைகளை அடுக்கிப் பாசறைத் தீ மூட்டினோம். பாடல் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி, “அம்மா, கட்டைக்குள்ளிருந்து எறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு வெளியே வருகின்றன” என்றாள். அதனைக் கேட்டும் நாம் பாடலை நிறுத்தவில்லை. மறு ஆண்டு அங்குச் சென்றபோது சுற்றிலும் புல் தழைத்திருக்க, தீ எரிந்த வட்டம் மட்டும் கரிந்து வெறுமையாய்க் கிடந்தது. நாள்தோறும் நீரை வடிகட்டிப் பருகும் நாம் அன்றிரவு செய்தது யாது என்னும் வினா இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை.

அமெரிக்க நாட்டில் ‘லீவ் நோ டிரேஸ்’, அதாவது ‘சுவடு விடாதே’ என்னும் பெயரில், காட்டில் தங்குவோர்க்கு ஏழு நெறிகள் வகுத்துள்ளனர். இதற்கெனத் தனி அமைப்பும் 1994இல் தோன்றியது. அந்நெறிகளைப் படிக்குந்தோறும் நம் முனிவர்கள் கடைப்பிடிக்கும் ஐந்து சமிதிகளே நினைவிற்கு வருகின்றன. சமிதிகள் துறவறத்தார்க்கு உரியன எனினும், இல்லறத்தாராகிய நாம் காட்டில் தங்கும் பொழுதேனும் இயன்ற அளவு அவற்றைப் பின்பற்றலாம்.

1. ஈர்யா சமிதி: முன்னுள்ள நிலத்தை நோக்கி, உயிர்களை மிதியாது நடத்தல். காட்டில் ஏற்கெனவே உள்ள தடத்திலேயே ஒருவர்பின் ஒருவராகச் செல்லுதல் வேண்டும். குறுக்கு வழி அமைத்தால் செடிகள் மடியும். மழையில் மண் அரித்துச் செல்லும். பகலொளி உள்ளபோதே இடம் தேர்ந்து, பாறை அல்லது மணற்பரப்பில் கூடாரம் அமைத்தல் நன்று. விலங்குகள் நீருண்ண வரும் வழியை மறித்தல் கூடாது.

2. பாஷா சமிதி: அளவறிந்து பேசுதல். ஒலிபெருக்கியும் கூச்சலும் பறவைகளைக் கூட்டினின்று வெருட்டும். விலங்குகளை நீர்நிலையினின்று விலக்கும்.

3. ஏஷணா சமிதி: ஆராய்ந்து உண்ணல். பொரிமாவு, அவல், சப்பாத்தி போன்றவற்றைத் தூக்கிலும் சம்படத்திலும் எடுத்துச் சென்று, கதிரவன் மறையுமுன் உண்டுவிட்டால் இரவில் அடுப்பும் வேண்டா. விளக்கை நாடி வந்து மடியும் பூச்சிகளும் பிழைக்கும். தீ மூட்டினால் மண்ணின் மேற்பகுதியிலுள்ள விதைகளும் வேர்களும் நுண்ணுயிர்களும் அழியும். வீழ்ந்து மட்கும் மரம் வீணான பொருளன்று. எறும்புக்கும் வண்டுக்கும் காளானுக்கும் அதுவே உறைவிடம்.

4. ஆதான நிட்சேபண சமிதி: பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களுக்கு ஊறின்றிச் செய்தல். கல்லைப் புரட்டினால் அதன் கீழ் வாழும் தேளும் பூரானும் நிழலும் ஈரமும் இழக்கும். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுதல், மரத்தில் ஆணி அடித்தல், இறகும் பூவும் பறித்து வருதல் ஆகியன தவிர்க்கத்தக்கன. காலையில் செருப்பையும் போர்வையையும் உதறிப் பார்த்தே எடுத்தல் வேண்டும். இது நமக்கும் காப்பு, அவ்வுயிர்க்கும் காப்பு.

5. உத்சர்க்க சமிதி: கழிவுகளை உயிர்களுக்குத் தீங்கு நேராத இடத்தில் கழித்தல். ஓடையிலிருந்து 60 மீட்டருக்குக் குறையாத தொலைவில், சிறு களைக்கொத்தினால் 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி தோண்டி மலங்கழித்து, மண்ணால் மூடுதல் வேண்டும். மேல்மண்ணில் நுண்ணுயிர்கள் மிகுதியாதலின் கழிவு அங்கு விரைவில் மட்கும். பாத்திரம் துலக்குவதும் குளிப்பதும் ஓடைக்குள் ஆகா; சோப்பு நீர், மீனுக்கும் தவளைக்கும் நஞ்சாம். பிளாஸ்டிக் உறைகளையும் நாப்கின்களையும் பழத்தோலையும்கூடத் திரும்பக் கொண்டுவருதல் கடமை. எஞ்சிய உணவை உண்டு பழகிய குரங்கும் கரடியும் மனிதரை நாடி வந்து, ஈற்றில் தாமே துன்புறும்.

ஈண்டு மற்றொன்றும் கூறுவோம். காப்புக் காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி நுழைதலும் தங்குதலும் குற்றமாகும். 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்க, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் உலர்ந்த புல் எத்துணை விரைவில் பற்றும் என்பதற்கு அத்துயரமே சான்று. மழைக்காலத்திலோ ஈரமண்ணில் சிற்றுயிர்கள் பெருகியிருக்கும். அதுபற்றியன்றோ நம் முனிவர்கள் மழைக்காலம் நான்கு திங்களும் ஓரிடத்தே தங்குகின்றனர்! எனவே காலம் அறிந்து செல்லுதலும் கொல்லாமையின் ஒரு கூறே.

அன்று அம்மாணவி கண்டதை நாமும் கண்டோம். அவள் உள்ளம் உருகியது, நம் உள்ளம் உருகவில்லை. நூலறிவு கண்ணுக்கும் கைக்கும் வந்து சேரும்போதே அஃது ஒழுக்கமாகின்றது. நீங்கள் தங்கிய இடத்தை மறுநாள் காண்போர், “இங்கு எவரும் தங்கவில்லை போலும்” என்று எண்ணுவாராயின், அதுவே இப்பாடத்தில் நீங்கள் பெறும் முழு மதிப்பெண்.

வீட்டில் சிறார்க்குரிய வினாக்கள்:

1. வீழ்ந்து கிடக்கும் மரத்தை விறகாக்குதல் ஏன் தகாது?
2. கதிரவன் மறையுமுன் உண்பதால் காட்டுயிர்களுக்கு விளையும் நன்மை யாது?
3. உங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கல்லை மெல்ல உயர்த்தி, அதன் கீழ் வாழும் உயிர்களை எண்ணுக; பின்னர்க் கல்லை இருந்தவாறே வைக்க.