ஜாதவ்பூர் போகும் யாழினிக்கு

அன்புள்ள யாழினிக்கு,

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். கூடவே அவளுக்கு ஒரு கவலை: கொல்கத்தாவில் மீனை விட்டால் ரசகுல்லா, முட்டைகூடத் தொடாத பிள்ளை எதைத் தின்று படிக்கப்போகிறாள் என்று. அவள் மனசு ஆற ஒன்று சொல்லிவிடு. லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள்; கறிவேப்பிலையும் காபிப்பொடியும் கிடைக்கும். ஆனால் நீ அதைத் தேடி ஓடாதே. முதலில் வங்காளிகளின் சைவச் சமையலைச் சாப்பிட்டுப் பார்.

அவர்கள் மதியச் சாப்பாடு கசப்பில் தொடங்கும். பாகற்காய், முருங்கைக்காய், வாழைக்காய், கத்தரிக்காய் எல்லாம் சேர்த்து, கடைசியில் கொஞ்சம் பால் விட்டு இறக்கும் சுக்தோவைத்தான் முதலில் சோற்றில் பிசைவார்கள். அப்புறம் மோச்சார் கொண்டோ. வாழைப்பூவை நரம்பு நீக்கிப் பொடியாக நறுக்கி, உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்த்து, நெய்யும் கரம் மசாலாவும் மணக்கச் செய்வது. முறைப்படி செய்தால் அதில் வெங்காயமோ பூண்டோ இருக்காது. ஏன் தெரியுமா? மேல்சாதி இந்துக் குடும்பங்களில் கணவனை இழந்த பெண்களுக்கு மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டு, மசூர் பருப்பு வரை விலக்காக இருந்தது. விவரம் தெரியாத வயதில் மணம் முடித்து, விவரம் தெரியும் முன்பே விதவையான பெண்கள் ஆயுள் முழுக்கத் தனி அடுப்பில் சமைத்தார்கள். வாழைத்தண்டு, பூசணித் தோல், கீரைக் காம்பு என்று மிஞ்சியதையெல்லாம் ருசியாக்கினார்கள். சமூகச் சீர்திருத்தவாதி வித்யாசாகர் போராடி 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. அடுப்படிச் சட்டம் அதற்குப் பிறகும் பல தலைமுறை மாறவில்லை. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது.

கொல்கத்தாவின் பெருமை என்று நீ கேள்விப்படப்போகும் பலவும் இப்படி நெருக்கடியில் தள்ளப்பட்டவர்கள் உண்டாக்கியவை. அதைத் தெரிந்துகொண்டு ஊரைச் சுற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அதே 1856-ல்தான் ஆங்கிலேயரிடம் அவத் ராஜ்யத்தைப் பறிகொடுத்த நவாப் வாஜித் அலி ஷா லக்னோவிலிருந்து கொல்கத்தா வந்தார். ஹூக்ளிக் கரையில் மெட்டியாபுரூஸ் என்ற இடத்தில் குடியமர்ந்து, 1887-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சமையல்காரர்கள், தையல்காரர்கள், பாடகர்கள், கதக் ஆடுபவர்கள் என்று பெரிய பரிவாரமே அவரோடு சேர்ந்தது. கொல்கத்தா பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு கிடக்கும். நவாபுக்குக் கை வறண்டதால் கறியைக் குறைத்துக் கிழங்கைப் போட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அவர் வழிவந்தவர்கள் இதை மறுக்கிறார்கள். அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கு புதுமையான, விலை அதிகமான பண்டம் என்பது அவர்கள் வாதம். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஓய்வூதியம் வாங்கியவர் கறிக்குக் கணக்குப் பார்த்திருப்பார் என்று எனக்கும் தோன்றவில்லை.

நவாப் தும்ரி என்ற பாடல் வகையின் பிரியர், தாமே இயற்றியவர். அவர் தர்பாரை நாடிக் கொல்கத்தா வந்தவர்களில் மல்கா ஜான் என்ற பாடகியும் ஒருவர். அவர் மகள்தான் கௌஹர் ஜான். தந்தை ஆர்மீனிய வம்சாவளி. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கொல்கத்தாவில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தபோது, அகண்ட குழலுக்கு எதிரே நின்று பாடினார் கௌஹர் ஜான். மணிக்கணக்கில் விரியும் ராகத்தை மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டும், அவர் அடக்கினார். முடிவில் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்வார். இசைத்தட்டு அச்சாவது ஜெர்மனியில். பெயர்ச் சீட்டு ஒட்டுகிறவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே! அந்தப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. இன்றிரவே ஒன்றைக் கேள். ரவீந்திர சங்கீதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, விடுதித் தோழிகள் ஒரே வாரத்தில் பாடிக் காட்டிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திரெட்டா பஜாருக்குப் போ. சீனக் குடும்பங்கள் தெருவில் காலைப் பலகாரம் விற்பார்கள். வெயில் ஏறினால் கடை இருக்காது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் 1724-ல் கட்டிய ஆர்மீனிய தேவாலயமும், 1884-ல் கட்டிய மாகென் டேவிட் யூத ஆலயமும் இருக்கின்றன. யூதர்கள் அநேகமாக எல்லோரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ஆலயத்தைப் பராமரிப்பவர்கள் முஸ்லிம்கள். சீனர்களில் ஹக்கா பிரிவினர் தாங்ரா என்ற பகுதியில் தோல் பதனிட்டார்கள். சாதி பார்த்து மற்றவர்கள் தொடத் தயங்கிய தொழில் அது. 1962 இந்திய-சீனப் போரின்போது கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் இருந்த சீனர்கள் சுமார் 3,000 பேரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். இந்நாட்டிலேயே பிறந்த பிள்ளைகளும் அதில் உண்டு. இது நம் பாடப் புத்தகங்களில் வந்திருக்க வேண்டிய செய்தி. தாங்ராவில் சீனர்கள் கும்பிடும் காளி கோயில் இருக்கிறது. அங்கே நூடுல்ஸும் பிரசாதம்.

உன் பல்கலைக்கழகத்தைச் சுற்றி இருப்பவையோ அகதிகள் எழுப்பிய காலனிகள். 1947-க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் காலி நிலங்களில் தாங்களே குடிசை போட்டார்கள், பள்ளிக்கூடமும் கட்டினார்கள். விஜய்கட், ராணுவம் விட்டுப்போன கொட்டகைகளில் தொடங்கிய காலனி. வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கிய அந்த வீட்டுப் பெண்களைத்தான் ரித்விக் கட்டக் 'மேகே டாக்கா தாரா' படத்தில் காட்டினார். கால்பந்து சீசனில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இங்கே இலிஷ் மீன் வாங்குவார்கள். மோகன் பகான் ஜெயித்தால் பழைய கொல்கத்தாக்காரர்கள் வீட்டில் இறால். இரு தரப்பும் கேலி பேசிக்கொள்வார்கள், நீயும் சேர்ந்துகொள். ஆனால் அந்த இலிஷுக்குப் பின்னால் விட்டுவந்த ஆறும் வீடும் இருப்பதை மறக்காதே.

முதல் செமஸ்டருக்குள் வங்காளம் வாசிக்கப் பழகிவிடு. அக்கம்பக்கத்துப் பாட்டிகளிடமும் டீக்கடைக்காரரிடமும் ஆங்கிலத்தில் கதை கேட்க முடியாது. அதற்குமுன் ஒரு வேலை: அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' நாவல் சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே இருக்கிறது. பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்கக் கிராமம் ஒன்றின் கதை. ரயில் ஏறுவதற்குள் வாசித்து முடித்துவிடு.

அன்புடன்,
சித்தி