பனியனின் நகல் என்று யார் சொன்னது?

"இரட்சணிய யாத்திரிகமா? அது ஜான் பனியனோட மொழிபெயர்ப்புதானே சார்!"

திண்டுக்கல்லில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. கையில் இருக்கும் ஜெராக்ஸ் தாள் அப்படிச் சொல்கிறது: நூல், ஆசிரியர், ஆண்டு, அதற்குப் பக்கத்தில் 'மொழிபெயர்ப்பு'. தாளைத் தயாரித்தவர் நூலைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார். அவருக்கும் யாரோ ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். சரி, படித்தவர்களாவது விட்டுவைக்கிறார்களா என்றால், புத்தகத் திருவிழாவில் கல்லூரி ஆசிரியர் ஒருவரே அதே வரியை ஒப்பித்தார்.

மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் அது தனியாகவே இருக்கிறது. சாமுவேல் பவுல் ஐயர் உரைநடையில் தந்த 'மோட்சப் பிரயாணம்' பனியனின் மொழிபெயர்ப்பு. இரட்சணிய யாத்திரிகத்தில் கிருஷ்ண பிள்ளை செய்தது அதுவல்ல.

பனியன் இங்கிலாந்தில் ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்தவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று பெட்ஃபர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் போட்டார்கள். 1678இல் வெளிவந்த அவருடைய கதை, எளிய உரைநடையில் சொன்ன ஒரு கனவு. முதுகில் பாவமூட்டையைச் சுமந்த ஒருவன், அழியப்போகும் ஊரை விட்டு மோட்ச நகரத்துக்கு நடக்கிறான். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1827இல் நெல்லைச் சீமைக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியர். 1858இல் திருமுழுக்குப் பெற்றார். மதம் மாறினாரே ஒழிய கம்பனை விடவில்லை. பனியனின் கதையை எடுத்து ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்று ஐந்து பருவங்களாக வகுத்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் காப்பியம் ஆக்கினார். 'நற்போதகம்' இதழில் தொடராக வந்து 1894இல் நூலானது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பனியனில் பயணி ஒரு மேட்டுக்கு வருகிறான். மேலே ஒரு சிலுவை, கீழே ஒரு கல்லறை. சிலுவையைப் பார்த்ததும் முதுகு மூட்டை தானாகக் கழன்று, உருண்டு, கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. பனியனுக்கு அது போதும். அந்தச் சிலுவையில் மாண்டது யார் என்று அவருடைய வாசகனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் வாசகனுக்கு அது போதுமா? கிருஷ்ண பிள்ளை போதாது என்று நினைத்திருக்க வேண்டும். குமார பருவத்தில் 'இரட்சணிய சரிதப் படலம்' என்று ஒன்றைத் திறந்து, இயேசு பிடிபட்டது, விசாரிக்கப்பட்டது, அறையப்பட்டது எல்லாவற்றையும் விரிவாகப் பாடுகிறார். பனியனில் இப்படி ஒரு பகுதியே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது இந்தப் படலத்துப் பாடல்களைத்தான். பனியன் எழுதாத பாட்டைப் படித்துவிட்டு, பனியனின் மொழிபெயர்ப்பு என்று விடை எழுதுகிறார்கள். அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறோம்!

போதாததற்கு, கதைக்கு நடுநடுவே தேவாரங்கள் வேறு. சைவத் திருமுறையில் தோய்ந்த காதுக்கு அந்த உருக்கம் எங்கிருந்து வருகிறது என்று உடனே பிடிபடும். பனியனில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. கம்பராமாயணத்தை வால்மீகியின் மொழிபெயர்ப்பு என்று எந்தத் தாளிலாவது போட்டிருக்கிறதா? கம்பனுக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?

'உருவகக் கதை என்ற ஏற்பாடே மேல்நாட்டுச் சரக்குதானே' என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. விவேகனும் மோகனும் அரசர்களாகப் போரிடும் 'பிரபோத சந்திரோதயம்' நாடகத்தைப் பதினோராம் நூற்றாண்டிலேயே கிருஷ்ணமிச்சிரர் வடமொழியில் எழுதிவிட்டார். மாதைத் திருவேங்கடநாதர் அதைத் தமிழில் காப்பியமாகவே பாடியிருக்கிறார். குணங்களை ஆட்களாக்கி நடக்கவிடுவதைப் பனியனிடம் கற்க வேண்டிய நிலையில் நாம் இல்லை.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் கொடுக்க மாட்டேன்.

'தேம்பாவணியும் உருவகக் கதைதான்.' கிடையாது. அது வளனாரின் வரலாறு. நம்மூர்ப் பேராலயம் யார் பெயரில் நிற்கிறதோ அதே வளனார். பெஸ்கி கல்லூரி என்று, அதைப் பாடிய வீரமாமுனிவர் பெயரைச் சூடிய ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே!

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் முழுக்க பைபிள் சங்கேதம், காண்டால்ஃப்தான் இயேசு.' வாட்ஸ்அப் பண்டிதர்களின் கண்டுபிடிப்பு. செத்து மீள்பவன் காண்டால்ஃப், சுமை சுமப்பவன் ஃப்ரோடோ, திரும்பி வரும் அரசன் அரகோர்ன். எத்தனை இயேசு ஐயா? கடைசி நேரத்தில் ஃப்ரோடோ, அழிக்க வந்த மோதிரத்தை எறிய மறுத்துவிடுகிறான். கோல்லம் விரலைக் கடித்துப் பறித்து நெருப்பில் விழுந்ததால்தான் காரியம் முடிகிறது. இயேசுவுக்கு நிற்கும் உருவகம் இப்படித் தோற்குமா? எழுதிய டோல்கின் அழுத்தமான கத்தோலிக்கர். கதை அடிப்படையில் கத்தோலிக்கக் கதை என்று 1953இல் இயேசு சபை நண்பர் ஒருவருக்குக் கடிதமே எழுதினார். மோதிரம் அழியும் நாள் மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். ஆனால் உருவகக் கதை தனக்குப் பிடிக்காது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். சாரத்தில் சமயம் இருப்பது வேறு, ஆளுக்கு ஆள் கணக்குப் பொருத்துவது வேறு. மோதிரம் அணுகுண்டு என்பவர்கள், கதை 1937இல் தொடங்கியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளட்டும்.

'நார்னியா சிங்கம் உருவகம்.' எழுதிய லூயிஸே மறுத்திருக்கிறார். பனியனின் அரக்கன் அவநம்பிக்கைக்கு நிற்கிறான், அது உருவகம். சிங்கமான அஸ்லானோ, பேசும் விலங்குகளின் உலகத்தில் கிறிஸ்து பிறந்தால் எப்படியிருப்பார் என்ற கற்பனை. இரண்டும் ஒன்றல்ல. கிருஷ்ண பிள்ளையின் பயணி 'ஆத்துமவிசாரி'யைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெயரிலேயே வேலை தெரிகிறது.

'மந்திரம் வருகிறது, ஆகவே சாத்தானின் புத்தகம்.' எழுதிய இருவரும் கோயிலுக்குத் தவறாமல் போனவர்கள். அடுத்தது.

இத்தனை வதந்திக்கும் காரணம் ஒன்றுதான்: நூலை யாரும் படிப்பதில்லை. இரட்சணிய யாத்திரிகமோ, படிக்க முடியாதபடிதான் பதிப்பும் கிடைக்கிறது. சந்தி பிரிக்காமல் அச்சிட்ட விருத்தத்தை இன்றைய பையன் எங்கே படிப்பான்? ஐந்து பருவமும் வேண்டாம். இரட்சணிய சரிதப் படலத்தையும் தேவாரங்களையும் மட்டும் சந்தி பிரித்து, அருஞ்சொல் பொருளோடு, நூறு ரூபாய்க்குள் யாராவது போடுங்கள். பத்து வருடமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கைதட்டுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். திண்டுக்கல்லில் அச்சகத்துக்கா பஞ்சம்? பிறந்தநாள் ஃபிளெக்ஸ் அடிப்பதற்கு ஒரு வாரம் லீவு விட்டால் புத்தகம் வந்துவிடும். மெய்ப்புப் பார்க்க நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.