குழுவில் முதல் இடம்

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்காகச் சங்கம் தொடங்குகிறோம். சம்பளமில்லாத நிர்வாகக் குழுவில் யாரைச் சேர்க்கலாம்?
– வாசகி, லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: ஆடிட்டரும் டாக்டரும் வேண்டும்தான். ஆனால் முதல் இடம் மாற்றுத்திறனாளிக்கே. உங்கள் ஊர் தாராதலாவில் இருக்கும் இந்திய மூளை முடக்குவாத நிறுவனத்தைப் போய்ப் பாருங்கள். 1974-ல் சுதா கௌல் தொடங்கியது. அங்கே படித்த ஜீஜா கோஷ் பின்னாளில் அங்கேயே பணியாற்றினார். 2012-ல் கொல்கத்தாவில், மாற்றுத்திறனாளி என்பதால் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டவர் அவர்தான். வழக்குப் போட்டார், 2016-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பட்டவருக்குத்தானே வலி தெரியும்!

குழுவில் பேச்சு வராதவர் இருந்தால், அவர் படப்பலகையில் படங்களை ஒவ்வொன்றாய்த் தொட்டுக் கருத்துச் சொல்ல நேரமாகும். கூட்டத்தை அரை மணி நீட்டுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை எந்தத் தீர்மானத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.