பழங்கைத்துப்பாக்கியைப் பேணும் முறை

போடிநாயக்கனூர், கண்டமனூர் முதலிய ஜமீன்கள் விளங்கிய பகுதி தேனி, கம்பம் பள்ளத்தாக்கு. இத்தகைய நாட்டுப் பழங்குடும்பமொன்றன் பெட்டியில் சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி துருவேறிக் கிடக்கக் காணின், குறிபார்த்துச் சுடுதலில் விருப்பமுடைய இளைஞன் அதனை மீண்டும் வெடிக்கச் செய்ய விழைவான். அவ்விழைவு தக்கதா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

துருவின் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். அக்காலத்துக் கருமருந்து வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றன் கலவையாம். அது வெடித்தபின் குழலுள் தங்கும் உப்புக்கள் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். ஆனி ஆடித் திங்களில் மலையினின்றும் சாரல் வீசும் கூடலூர்ப் பக்கத்தில் இவ்வரிப்பு விரைவாகும். உட்சுவர் எத்துணை மெலிந்துளது என்பது புறத்தே தோன்றாது. சுடின், குழல் பிளந்து கையும் கண்ணும் போதல் கூடும்.

சட்டமும் இதனை நோக்குகின்றது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கியைச் செப்பனிடுதலைத் தடுக்கின்றது. செப்பனிட்டாலும் சுடுதற்கு உதவாத பழைய ஆயுதத்திற்கு 45ஆம் பிரிவு விலக்களிக்கின்றது. ஆகவே, பழமை ஒன்றே உரிமையாகாது. ஐயமுளதேல் காவல் நிலையத்தாரிடம் கேட்டுத் தெளிக.

இனிப் பேணும் முறை. எப்பழந்துப்பாக்கியும் மருந்திட்டதென்றே முதலிற் கொள்க. குழல்வாயை எவர்பாலும் திருப்பாது, மெல்லிய மரக்கோலொன்றை உள்ளே விட்டு, வாயளவில் குறியிட்டு, வெளியே குழலோடு ஒத்து வைத்துப் பார்க்க. கோலின் நுனி பற்றுத்துளையை எட்டாதேல் உள்ளே ஏதோ உளது; அப்போது மேற்கொண்டு தீண்டாது, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரை நாடுக. வெறுமையாயின், தூசியை மென்தூரிகையால் நீக்கி, மெல்லிய எண்ணெய் தோய்ந்த துணியால் செந்துருவை மட்டும் துடைத்தெடுக்க. அடியிலுள்ள கரும்பழுப்புப் படலத்தை விட்டுவிடுக. பித்தளைப் பூணைப் புளியிட்டுத் துலக்குதலும், இரும்பை உப்புத்தாளால் தேய்த்தலும் ஆகா. கிழக்கிந்தியக் கும்பினியின் துப்பாக்கிகளில் முற்காலத்தில் இருதய வடிவ முத்திரையும், பிற்காலத்தில் சிங்க முத்திரையும் பொறிக்கப்பெற்றன. தேய்ப்போர் கையால் அழிவது காலத்தை உணர்த்தும் இத்தகைய சான்றேயாம். இறுதியில் மெல்லிய மெழுகு பூசி, வியர்வைக் கை படாது, உலர்ந்த இடத்தில் வைக்க.

குறி பயில விரும்புவோர்க்கு, முறையான பயிற்சிச் சங்கங்களும் தகுந்த புதிய துப்பாக்கிகளும் உள. பழந்துப்பாக்கிக்கு இனி வேறு தொழில் உண்டு. தன் காலத்தைச் சொல்லுதலே அது. வெடிக்கச் செய்ய முயல்வோன், அச்சொல்லையும் தன் கையையும் ஒருங்கே இழத்தல் கூடும்.